மாப்பிள்ளை அடைத்த ஓட்டை

அந்தமானில் ஃபீனிக்ஸ் பே கப்பல் டிக்கெட் கவுண்டரில் தூங்கியதற்காக இதுவரை எந்த ஊழியரையும் மருத்துவமனையில் சேர்த்ததில்லை. அந்தப் பெருமை எனக்குத்தான். லாங் ஐலண்டுக்கு ஒரு டிக்கெட் கேட்டு வந்த பெங்காலி அம்மாள் பணத்தை நீட்டியபடியே நின்றிருக்கிறார். நான் பேனாவைப் பிடித்த வாக்கில் கண்ணை மூடியிருக்கிறேன். பின்னால் நின்றவர்கள், "சர்க்காரி ஆத்மி ஹை, சோனே தோ" என்று சிரித்திருக்கிறார்கள். அரசாங்க ஆள், தூங்கட்டும் விடு என்கிற பெருந்தன்மை. கப்பல் சங்கு ஊதியும் நான் அசையவில்லை என்றதும்தான் சிரிப்பு நின்றதாம்.

என் பெயர் சூசை. அலுவலகத்தில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. சின்ன வயதிலேயே என் முதுகெலும்பு நேராக வளர மறுத்து, ஒரு பக்கம் வளைந்து, பிறகு மனம் மாறி இன்னொரு பக்கம் வளைந்துவிட்டது. "கேள்விக்குறி இன்னைக்கு லீவா?" என்று கேட்டால் என்னைத்தான் கேட்கிறார்கள். நானும் கோபித்துக்கொள்வதில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதே, "நான் நிமிர்ந்து உட்கார்ந்தாலும் இவ்வளவுதான், பாத்துக்கோங்க" என்று சொன்னவன் நான். ஃபிலோ அதற்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் இத்தனை வருடமும் வண்டி ஓடியது.

போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். சாதாரண ரத்தப் பரிசோதனை நரம்பில் எடுப்பது. இது உள்ளே ஆழத்தில் துடிக்கிற தமனியில் எடுப்பது. வலி தோள் வரைக்கும் வந்து விசாரித்துவிட்டுப் போகும். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு, கரியமில வாயு எவ்வளவு என்று அதில் தெரிந்துவிடும். எனக்குக் கரியமில வாயு மிக அதிகம்.

டாக்டரம்மா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கோபம் வந்தால் மட்டும் ஹிந்திக்கு மாறுவார். எனக்கு அவர் தமிழிலேயே விளக்கினார். நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது. அது குடியிருக்கும் கூடுதான் வளைந்து நசுங்கியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு மூச்சும் அரை மூச்சு. கெட்ட காற்று முழுதாக வெளியே போவதில்லை. தூங்கும்போது மூச்சு இன்னும் சின்னதாகிவிடும், கரியமில வாயு ரத்தத்தில் தேங்கும். அது ஒரு மயக்க மருந்து மாதிரி. காலையில் தலைவலி, பகலில் தூக்கம், கடைசியில் எழுந்திருக்கவே முடியாத தூக்கம்.

"அப்போ ஆபீஸ்ல நான் தூங்கினது சோம்பேறித்தனம் இல்லியே? எழுதிக் குடுங்க டாக்டர், ஃப்ரேம் போட்டு மாட்டணும்" என்றேன்.

"எழுதித் தரேன். முதல்ல உயிரோட இருங்க" என்றார்.

வைத்தியம் ஒரு மிஷின். பைபாப் என்பார்கள். டிபன் பாக்ஸ் அளவு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க். நாம் மூச்சை இழுக்கும்போது மிஷின் பலமாக ஊதி நெஞ்சை விரிக்கும். விடும்போது அழுத்தத்தைக் குறைத்து வழி விடும். தொண்டையில் துளை போட வேண்டாம். ஆனால் தினமும் தூக்கம் முழுக்க அது வேண்டும். மத்தியானம் கண் அசந்தாலும் வேண்டும். ஆயுள் முழுக்க வேண்டும்.

முதல் தடவை மாட்டியபோது, ஓடுகிற லாரியின் முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றது போல இருந்தது. மாஸ்க்கைப் பிய்த்து எறிந்தேன். மறுபடி மாட்டினார்கள். மறுபடி பிய்த்தேன். ஃபிலோ என் இரண்டு கையையும் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, "அது ஊதும்போது நீங்க இழுங்க. அதோட சண்ட போடாதீய" என்றாள். இரண்டு நாளில் அதனுடன் சமாதானமாகி, மூன்றாம் நாள் காலை தலைவலி இல்லாமல் கண் விழித்தேன். பல வருடங்களுக்குப் பிறகு வார்டு ஜன்னலில் வெளிச்சம் வெளிச்சமாகவே தெரிந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா பாடம் நடத்தினார். நான் கட்டிலில் மாஸ்க்கோடு, எதிரே ஃபிலோ, சுற்றிலும் வேடிக்கை பார்க்க வார்டின் பாதி. எப்படி மாட்டுவது, எப்படிக் கழுவுவது, கரண்ட் போனால் என்ன செய்வது. நான் குழாயைத் தும்பிக்கை போல ஆட்டி, பக்கத்துக் கட்டில்காரரின் ரொட்டியை எடுக்கப் போனேன். வார்டு சிரித்தது. டாக்டரம்மா மாஸ்க்கின் முன்பக்கத்தைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னபோது நான் தலையை ஆட்டி ஆசீர்வாதம் வழங்கிக்கொண்டிருந்தேன். ஃபிலோவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சென்னையிலிருந்து வந்த மிஷினுக்கான பில்லைப் பற்றி எழுத மாட்டேன். எழுதினால் மறுபடியும் மூச்சுத் திணறும்.

பாம்பூஃப்ளாட்டில் எங்கள் வீடு. தினமும் ஃபெர்ரியில் துறைமுகத்தைக் கடந்து வேலைக்குப் போவேன். மிஷின் வந்த பிறகு நான் புது மனிதன். கவுண்டரில் கண் விழித்து வேலை பார்த்ததில் சக ஊழியர்கள் அதிர்ச்சி அடைந்தார்கள்.

இதெல்லாம் நோயாளியின் கட்சி. பார்த்துக்கொள்கிறவளின் கட்சி வேறு. மாஸ்க்கிலிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு காற்று வந்துகொண்டே இருக்கும். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது ஃபிலோவின் முகத்தைத் தேடிப்போய் அடிக்கும். அவள் தலைமாட்டை மாற்றிப் படுத்தாள். காதில் பஞ்சு வைத்தாள். வேறு அறையில் போய்ப் படு என்றால், "மிஷின் கத்தினா யாரு கேப்பா?" என்பாள். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பிடிக்கும் வரை எழுந்து உட்கார்ந்திருப்பாள். என் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். நான் நன்றாகத் தூங்கத் தூங்க அவள் தூக்கம் குறைந்தது. கோயிலில் பிரசங்கத்தின்போது என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் எப்போதும் செய்வதை அவள் செய்கிறாள் என்று முதலில் சிரித்தேன். அடுத்த வாரம் அடுப்பில் கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் நின்றபடியே கண் சொக்கினாள். அதற்கு நான் சிரிக்கவில்லை.

அவளுக்கு ஒரு நல்லது செய்ய நினைத்தேன். அங்கேதான் வினை ஆரம்பம்.

ஃபிலோவின் தம்பி அந்தோணிக்கு டுங்கி பழுது பார்க்கும் வேலை. ஊரில் எந்தச் சின்னப் படகில் தண்ணீர் கசிந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு ஓட்டையைப் பார்த்துவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவனிடம் மாஸ்க்கைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். ஃபிலோ பின்கட்டில் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

அவன் மாஸ்க்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "அத்தான், இதுல ஓட்ட இருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா இருக்கு."

"அப்படியா? புது மாஸ்க் மாப்ள."

"புதுசுன்னா? புது டுங்கியே எத்தனை ஒழுகி வந்திருக்கு நம்மகிட்ட! நீங்க கரண்ட் செலவழிச்சு காத்து அடிக்கிய, அது இது வழியா வேஸ்ட்டா போவுது. அக்கா மூஞ்சில அடிக்கிறது இதுதான்."

இந்த விளக்கம் எனக்கு வேதவாக்காகப் பட்டது. அவன் பையிலிருந்து படகு அடைக்கும் இரண்டு நிறப் பசையை எடுத்து, விரலில் ஒன்றாகப் பிசைந்து, ஒவ்வொரு துளையாக அடைத்தான். மேலே நகத்தால் வழித்து விட்டான். கம்பெனி வேலை கெட்டது போங்கள். காய்ந்ததும் பட்டைகளையும் இறுக்கி மாட்டி மிஷினைப் போட்டோம். சத்தமே இல்லை. மிஷினின் சின்னத் திரையில் 'லீக்' என்கிற இடத்தில் பூஜ்யம்.

"ஜீரோ அத்தான், ஜீரோ!" என்று அந்தோணி குதித்தான். நான் அவன் கையைக் குலுக்கினேன். அக்காவிடம் இப்போது சொல்ல வேண்டாம், அவளாகக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படட்டும் என்று இரண்டு பேரும் பேசி வைத்தோம். மத்தியானம் சூரை மீன் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தேன். வெளியே மழை.

இதற்குப் பிறகு நடந்ததில் கதாநாயகன் நான்தான், ஆனால் நான் அங்கே இல்லை. ஃபிலோ சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

சத்தமில்லாததால் அவளும் பக்கத்தில் அசந்து தூங்கிவிட்டாள். மாதக்கணக்கில் கிடைக்காத தூக்கம். எழுந்தபோது மழை விட்டிருந்தது. என்னைத் தட்டியிருக்கிறாள். எழவில்லை. என் முகம் சிவந்து, நெற்றி முழுக்க வியர்வை. கைவிரல்கள் தானாக வெட்டி வெட்டி இழுத்தன. "ஏங்க, எந்திரிங்க. விளையாடாதீய" என்று உலுக்கியிருக்கிறாள். நான் விளையாடுகிறேன் என்று நினைக்க அவளுக்குக் காரணம் இருந்தது. செத்த மாதிரி படுத்து அவளைப் பயமுறுத்துவது என் பழைய வேடிக்கைகளில் ஒன்று. எத்தனை விநாடி அந்த வேடிக்கையில் வீணாயிற்றோ, தெரியாது.

பிறகு கத்தினாள். முன்னறையில் படுத்திருந்த அந்தோணி ஓடி வந்தான். மிஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. உயிர் காக்கும் மிஷின் ஓடும்போது ஆள் ஏன் எழவில்லை? காற்று போதவில்லை என்று நினைத்து மாஸ்க் பட்டையை இன்னும் ஒரு பிடி இறுக்கினாள். அந்தோணியும் சேர்ந்து அழுத்திப் பிடித்தான்.

ஆம்புலன்ஸ் வந்தது. வண்டிக்குள் இருந்த பிளக்கில் மிஷினைச் சொருகி என்னை ஏற்றினார்கள். பாம்பூஃப்ளாட் ஜெட்டிக்கு வந்தால் வண்டி ஏற்றும் ஃபெர்ரி எதிர்க்கரையில், சாத்தம் ஜெட்டியில் நிற்கிறது. சாலை வழியே சுற்றிப் போனால் இன்னும் நேரமாகும். கண்ணுக்கு எதிரே போர்ட் பிளேர் தெரிகிறது, நடுவே தண்ணீர். அந்தோணி ஜெட்டி விளிம்பில் நின்று, "ஜல்தி லாவ் பாய், பேஷண்ட் ஹை!" என்று, ஃபெர்ரியைச் சீக்கிரம் கொண்டுவரச் சொல்லிப் போனில் கத்திக்கொண்டிருந்தான். ஃபிலோ என் நெஞ்சில் கை வைத்தபடியே இருந்தாள். நெஞ்சு ஏறுகிறது, இறங்குகிறது. ஆள் மட்டும் இல்லை.

ஃபெர்ரி வந்து, வண்டி ஏறி, பாதி தூரம் போனபோது வண்டிக்குள் பிளக் செத்துவிட்டது. மிஷின் நின்றது. டிரைவர் ஏதோ வயரை ஆட்டிக்கொண்டிருந்தார். காற்று வராத மாஸ்க் மூச்சை மூடிவிடுமே என்று ஃபிலோ அதைக் கழற்றினாள். கடல் காற்று முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் நான் முனகி, அரைக்கண் திறந்தேன்.

"கரண்ட் வந்துருச்சு அக்கா, மாட்டு மாட்டு!" என்றான் அந்தோணி.

மாட்டினாள். என் கண் மறுபடி மேலே சொருகியது.

அவள் அந்த இடத்தில் யோசித்ததை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் சொல்வாள். "கழத்தினா முழிக்காரு, மாட்டினா போறாரு. எனக்கு வேற ஒண்ணும் தெரியல."

மாஸ்க்கைப் பிடுங்கினாள்.

"அக்கா! கிறுக்கு புடிச்சிருச்சா ஒனக்கு? அதுதான் அத்தானுக்கு உசுரு!"

"தொட்டே, கடல்ல தள்ளிருவேன்."

டிரைவரும் திட்டியிருக்கிறார். ஆளைக் கொல்லப் பார்க்கிறாள் என்று ஃபெர்ரிக்கே கேட்கிற மாதிரி ஹிந்தியில் கத்தியிருக்கிறார். ஏற்கெனவே பயந்து போயிருந்தவளுக்கு அது போதாதா? அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் என்னை நிமிர்த்தி உட்காரவைத்து, என் வளைந்த முதுகைத் தன் மார்போடு அணைத்து, "இழுங்க... விடுங்க... இழுங்க... விடுங்க..." என்று காதில் கத்திக்கொண்டே வந்திருக்கிறாள். நான் தூங்கப் போனால் கன்னத்தில் அறை. மீதிக் கடலை நான் அப்படித்தான் கடந்தேன்.

ஆஸ்பத்திரியில் வேறு மாஸ்க், வேறு மிஷின். மறுபடி மணிக்கட்டில் ஊசி. மறுநாள் எனக்கு முழு நினைவு வந்தபோது டாக்டரம்மா என் மாஸ்க்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யே கிஸ்னே கியா?" என்றார். யார் செய்தது இது? ஹிந்திக்கு மாறிவிட்டார்.

அந்தோணி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, "மேடம், லீக் இருந்துச்சு... ஜீரோ ஆக்கினேன்" என்றான்.

டாக்டரம்மா மாஸ்க்கை மேசைமேல் வைத்தார். பிறகு தமிழுக்கு வந்தார். அந்தத் துளைகள் பழுது அல்ல, வாசல். இந்த மிஷினில் காற்று உள்ளே வர ஒரே குழாய்தான். நாம் விடுகிற கெட்ட காற்று வெளியே போவது அந்தத் துளைகள் வழியாக மட்டும்தான். அவற்றை அடைத்தால் விட்ட காற்றையே திரும்பத் திரும்ப மூச்சாக இழுக்க வேண்டும். நல்ல மிஷின் ஓட ஓட ஆள் கொஞ்சம் கொஞ்சமாக மயங்குவார். "இன்னும் கொஞ்ச நேரம் அது முகத்துல இருந்திருந்தா நீங்க இப்ப இங்க இல்ல. உங்க வீட்டம்மா கழட்டினதுதான் உங்களைக் காப்பாத்துச்சு."

அந்தோணி வெளியே போய்விட்டான். வராந்தாவில் உட்கார்ந்து அழுகிறான் என்று நர்ஸ் வந்து சொன்னார்.

தேறினேன். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று ஃபிலோ, "வேண்டாம்" என்றாள்.

"என்ன வேண்டாம்?"

"வீடு வேண்டாம். மெயின்லாண்டுக்குப் போயிருவோம். தூத்துக்குடியில ஏதாவது ஆஸ்பத்திரி வாசல்லயே ஒரு ரூம் எடுப்போம். நடுவுல தண்ணி இல்லாத எடமா இருக்கணும்."

வேலை? வீடு? கப்பல் சங்கு கேட்காத ஊரில் நான் என்ன செய்வேன்? "தூத்துக்குடியில மட்டும் தண்ணி இல்லியா? நான் வேணா ஹார்பர் நடுவுல ஒரு பாலம்..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாதீய." அவள் குரல் உயரவே இல்லை. "அன்னைக்கு டாக்டரம்மா இதத்தான் சொல்லிக் குடுத்திருக்காவ. நீங்க குழாய ஆட்டிக்கிட்டு இருந்திய. நானும் பல்லக் காட்டிக்கிட்டு நின்னேன். அவங்க சொன்னது ஒண்ணு கூட எனக்குத் தெரியாது. தெரியாமலே இத்தன மாசம் உங்க பக்கத்துல படுத்திருந்திருக்கேன். இனிமே கண்ணு மூட எனக்கு முடியாது. மூடினா அந்த மத்தியானந்தான் வருது."

எனக்குப் பதில் இருந்தது, ஒன்றல்ல, நான்கைந்து. எல்லாமே சிரிப்பு வரவழைப்பவை. அன்றுதான் எனக்கு உறைத்தது: என் பயத்துக்கு என் ஜோக்கில் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. அவள் பயத்துக்கு வெளியே வரக்கூட நான் இடம் விட்டதில்லை.

"டாக்டர், மறுபடியும் சொல்லிக் குடுங்க" என்றேன். "நான் வாயே திறக்க மாட்டேன்."

பயிற்சிக்கு வைத்திருந்த வேறொரு மாஸ்க்கைக் கொண்டுவந்தார்கள். ஃபிலோ அதை எனக்கு மாட்டவில்லை. "எனக்குப் போடுங்க" என்றாள். டாக்டரம்மா அழுத்தத்தைக் குறைத்து வைத்து மாட்டிவிட்டார். முதல் ஊதலில் அவள் கண் பிதுங்கியது, கைகள் பட்டையைத் தேடின. நான் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டேன். மெல்லப் பழகினாள். டாக்டரம்மா அவள் விரலை எடுத்து அந்தத் துளைகளுக்கு மேல் வைத்து, வெளியே வரும் காற்றைத் தொட்டுப் பார்க்கச் செய்தார். அவள் தலையசைத்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, உள்ளங்கையால் துளைகளை அழுத்தி மூடினாள்.

ஒரு மூச்சு. இரண்டு. மூன்று. டாக்டரம்மா, "நஹீன், நஹீன்!" என்று கையைத் தட்டிவிட்டார்.

ஃபிலோ மாஸ்க்கைக் கழற்றினாள். பட்டையின் தடம் கன்னத்தில் சிவப்பாகப் பதிந்திருந்தது. "இப்படியா இருந்துச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது ஃபிலோ" என்றேன். "நான் தூங்கிட்டேன். முழிச்சிருந்தது நீதான்."

அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. டாக்டரம்மாவிடம் திரும்பி, "வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். "ஆனா தெனமும் நான் முழிச்சிருக்க மாட்டேன். ஒரு நாள் நான். ஒரு நாள் இவருக்குப் பக்கத்துல என் தம்பி படுக்கட்டும், நான் கதவச் சாத்திட்டுத் தூங்குவேன். அவனுக்கும் சொல்லிக் குடுங்க."

"அவனுக்கா?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அவனுக்குத்தான். இனி இந்த ஊர்லயே அந்த ஓட்டய அவன் அளவுக்குப் பயந்து பாக்கிறவன் எவன் இருக்கான்?"

வராந்தாவிலிருந்து அந்தோணியைக் கூப்பிட்டார்கள். கையைக் கழுவிவிட்டு வா என்றதும், நகம் வரைக்கும் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டரம்மா மாஸ்க்கை நீட்டினார். பூசையில் பீடத்துக்கு முன்னால் நன்மை அப்பம் வாங்குகிறவன் மாதிரி, அவன் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து அதை வாங்கிக்கொண்டான்.

பிரமாதமான ஒரு ஜோக் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஃபிலோ என்னைப் பார்த்தாள். விழுங்கிவிட்டேன்.